அந்த நாடகத்து அம்மா நான்தான்

ஏலே ராசா, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போனில் சொன்ன ஒரே ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் பெரியப்பா கொண்டுவந்த ஆலங்குளத்து வரனைப் பற்றி நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பாவுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை, பெண் பி.எட். முடித்திருக்கிறாள், நல்ல அடக்கமான வீடு என்றேன். போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாய். வெள்ளிக்கிழமை போய்ப் பூ வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டேன். "எந்தப் பொண்ணா இருந்தாலும் சரிம்மா, நீயே பாத்து முடிச்சிரு" என்றாய். பூ வைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி, அப்புறம் பின்வாங்க முடியாது என்பது உனக்கும் தெரியும். போனை வைத்ததும் பெரியப்பாவைக் கூப்பிட்டு, எனக்கு உடம்பு சுகமில்லை, இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன்னிடம் மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இன்னொரு வீட்டுப் பெண்ணின் தலையில் பூ வைக்க எனக்குக் கை வரவில்லை.

இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து ஓசூருக்கு உன் போனுக்கு அனுப்பப் போகிறவள் மும்தாஜ். என் பக்கத்து மிஷினில் துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கிறவள், உனக்கு அக்கா வயது. அனுப்பும்போது படிப்பாள், படித்ததை மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுவாள். காட்டட்டும். ராஜபாளையத்து இந்த நைட்டிக் கம்பெனியில் என்னோடு தைக்கிற ஏழு பேருக்கும் தெரியாமல் நான் ஒளித்தது இது ஒன்றுதான், இனி அதுவும் வேண்டாம்.

கம்பெனியில் இப்போது கொரியா நாடகக் காலம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மும்தாஜ் போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்துவைத்து, தமிழில் பேசுகிற நாடகத்தைப் போடுவாள். மணி அடித்து வேலை தொடங்கிய பிறகும் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டுத் தைப்போம். முதல் நாள் யார் யாரென்று அடையாளம் தெரியாமல் திண்டாடினேன். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுச் சண்டை பூராவும் எனக்கு மனப்பாடம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள், பெரியவர்களைக் கண்டால் குனிகிறார்கள், என்ன கோபம் இருந்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் திட்டுகிறார்கள். எங்களில் மூத்தவள் பேச்சியம்மா, ஜிப் வைக்கிறவள், "ஏட்டி, இவிய நம்ம சாத்தூர்ப் பக்கத்து ஆளுக மாதிரில்ல இருக்காவ" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்த நாடகத்தில் ஒரே ஒரு குறைதான். "பத்து நாளா பாக்கேன், இன்னும் அந்தப் பிள்ளை கையத்தான் பிடிச்சிருக்கான். இவன் எப்பக் கல்யாணம் முடிச்சு, எப்பப் பிள்ளை பெக்க?" என்பாள். "பொறுங்க பெரியம்மா, அந்த இழுவையிலதான் சொகமே இருக்கு" என்பாள் மும்தாஜ். நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பார், அவரும் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஒரு நாள் அந்த நாடகத்தில் பையன் பொரித்த மீனில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சதையை மட்டும் அந்தப் பெண்ணின் சோற்றில் வைத்தான். ஒரு வசனம் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தி வாயிலும் சோறு இறங்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு பதினோரு வருசத்துல ஒரு செம்பு தண்ணி மோந்து தந்ததில்ல அக்கா" என்று மும்தாஜ் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணம் ஆன வருஷம் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். பிளவக்கல் அணை மீன் வாங்கி வந்து நான் குழம்பு வைத்தேன். எனக்கு முள் எடுத்துச் சாப்பிடத் தெரியாது என்பதைக் கவனித்துவிட்டு, முள்ளை எடுத்துவிட்டு மீனை என் தட்டில் வைத்தார். அதை என் மாமியார் பார்த்துவிட்டார்கள். திட்டக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். "ஏலே, பட்டாளத்துல இதத்தான் சொல்லிக் குடுக்காவளா?" உன் அப்பா கையை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பென்ஷனில் வந்து, இரண்டாம் வருஷம் மாரடைப்பில் போய்ச் சேருகிறவரை அந்த மனுஷன் என் தட்டுப் பக்கம் கை கொண்டுவரவே இல்லை. பெற்றவள் சிரித்துக்கொண்டு சொல்கிற ஒரு வார்த்தைக்கு எம்புட்டு பலம் என்று என்னைவிடத் தெரிந்தவள் யாரும் இருக்க முடியாது. தெரிந்திருந்தும் செய்தேன் என்பதுதான் என் குற்றம்.

அதற்கு அடுத்த வாரம் அந்தக் காட்சி வந்தது. பையனின் அம்மா பெரிய பணக்காரி. அந்தப் பெண்ணைத் தனியாக ஒரு காபிக் கடைக்கு வரச்சொல்லி, பணம் வைத்த ஒரு வெள்ளைக் கவரை மேஜைமேல் தள்ளி, என் மகனை விட்டுவிடு என்கிறாள். எட்டு மிஷினும் நின்றுவிட்டது. "நாசமாப் போவா, ஒரு பிள்ளை மனச இப்பிடியா ஒடிப்பா?" என்று பேச்சியம்மா கத்தினாள். இவளுக்கெல்லாம் நல்ல சாவு வருமா என்று இன்னொருத்தி. நான் மட்டும் வாய் சும்மா இருக்காமல், "பெத்தவளுக்கும் ஒரு நியாயம் இருக்கும்லா" என்றேன். ஏழு தலையும் என் பக்கம் திரும்பியது. "அக்கா, போயும் போயும் இவளுக்கா வக்காலத்து வாங்குறீக?" என்று மும்தாஜ் கேட்டாள். நான் குனிந்து தைக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் எண்ணிக் கட்டும்போதுதான் பார்த்தேன், மூன்று நைட்டிக்குக் கை நுழைகிற வாயையே தைத்து மூடி வைத்திருக்கிறேன். பிரித்துத் தைத்துவிட்டு வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிட்டது.

ராசா, ரேணுகாவைப் பற்றி நீ என்னிடம் சொன்ன அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்காம்மா. அவிய வீட்டுல தெலுங்கு பேசுவாங்க. நல்ல பொண்ணும்மா" என்று போனில் அவள் போட்டோவைக் காட்டினாய். நான் சிரித்துக்கொண்டு "பாப்போம்" என்றேன். உனக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது, அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். மறு வெள்ளிக்கிழமை நான் உனக்குத் தெரியாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். முதலில் ஆண்டாள் கோவிலுக்குப் போய்த் தாயாருக்கு மாலை சாத்தி வாங்கிக்கொண்டேன். கல்யாணம் கூடிவராத பெண்களுக்கு அந்த மாலையைக் கொடுத்தால் சீக்கிரம் நல்ல இடம் அமையும் என்பது நம் பக்கத்து வழக்கம். அதைப் பையில் போட்டுக்கொண்டு, சுகர் பார்க்க வந்தவள் மாதிரி அந்த லேபுக்குப் போய் உட்கார்ந்தேன்.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, நீ என் போட்டோவைக் காட்டியிருப்பாய் போலிருக்கிறது. "வாங்க அத்தை" என்று எழுந்தாள். வெறும் வயிற்றில் ஒரு தடவை எடுக்க வேண்டும், சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. பஞ்சை வைத்து, "அமுக்கிப் பிடிச்சுக்கிடுங்க அத்தை" என்றாள். நான் கடைக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறேன் என்றதற்கு, "கடையில எதுக்கு?" என்று தன் டிபன் பாக்ஸிலிருந்து நாலு இட்லியையும் எனக்கே வைத்துவிட்டாள். அந்த இட்லியைத் தின்று முடித்து, அந்தக் கையாலேயே பையிலிருந்து மாலையை எடுத்தேன். "ஆண்டாள் தாயாருக்குச் சாத்துனது. உனக்கு உங்க ஆளுகளுக்குள்ளேயே நல்ல எடமா அமையணும்னு வேண்டிட்டு வந்திருக்கேன்மா" என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அவளுக்கு விளங்கிவிட்டது. சாமி மாலையை வேண்டாம் என்று எந்தப் பெண்தான் சொல்வாள்? இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்த நாடகத்துக்காரி கவரைத் தள்ளினாள், அதைத் திருப்பித் தள்ளவாவது முடியும். நான் திருப்பித் தர முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்காமலே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அப்பா போன பிறகு நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்றது பெரியப்பாதான். வேற்று ஆட்கள் வீட்டில் பெண் எடுத்தால் பெரியப்பா வீட்டார் நம் வாசல் மிதிக்க மாட்டார்கள், நாளைக்கு ஒரு விசேஷத்தில் நான் ஒற்றையாக நிற்க வேண்டிவரும் என்று பயந்தேன். என் பயத்துக்கு உன் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டேன், வேறு நியாயம் என்னிடம் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் லேபிலிருந்து என் போனுக்கு ரிசல்ட் வந்தது. அதற்குக் கீழே அவள் தன் கையால் இரண்டு வரி அடித்திருந்தாள். "அத்தை, சுகர் ரொம்பக் கூடுதலா இருக்கு, உடனே டாக்டரைப் பாருங்க. சாப்பிட்ட பிறகு எடுக்கிறது பாக்கி இருக்கு." நான் அப்போது போட ஆரம்பித்த மாத்திரையை இன்றுவரைக்கும் போடுகிறேன். இன்றைக்கு ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண் தெரிகிறது என்றால் அது அவள் புண்ணியம். அதே வாரம்தான் அவள் உன்னிடம், வீட்டில் வேறு இடம் பார்க்கிறார்கள், இனிமேல் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நீ சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, போனால் போகிறது விடு என்று முதுகைத் தடவினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அதன் பிறகு நீ நல்ல பிள்ளை ஆகிவிட்டாய். தினமும் போன் பண்ணுகிறாய், மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாய், நான் என்ன சொன்னாலும் சரிம்மா என்கிறாய். முன்பெல்லாம் குழம்பில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு என்னோடு சண்டை பிடிப்பாய். இப்போது எதை வைத்தாலும் சாப்பிடுகிறாய். என் வளர்ப்பு என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாடகத்தில் அந்தப் பையனும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தான். அம்மா எதிரில் உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட்டு, கேட்டதற்கெல்லாம் சரிங்கம்மா என்று தலையாட்டினான். "பாத்தியா, இப்பப் பய நல்ல பிள்ளையா ஆயிட்டான்" என்றாள் பேச்சியம்மா. மும்தாஜ் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்ல பிள்ளை இல்ல பெரியம்மா. மனசு செத்துப்போன பிள்ளை. சண்டை போடக்கூட அவனுக்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ, எந்தப் பெண்ணாக இருந்தாலும் சரி என்றாய். போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், ராசா.

நேற்று லீவு போட்டுவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சரியாக ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த லேபில் போய் நின்றேன். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வெறும் வயித்துல வந்திருக்கீகளா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சாப்பிட்டுட்டுத்தான் வாரேன். அன்னைக்குப் பாக்கி வச்சிட்டுப் போனதக் குடுக்க வந்தேன்" என்றேன். என் கையைப் பிடித்து ரப்பர் கட்டி, ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன் தாயி, மன்னிச்சிரு" என்றேன். உட்கார்ந்திருந்த நாலு பேரும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். அந்த மாலையை என்ன செய்தாய் என்று கேட்டேன். "தலையில வைக்க மனசில்ல. சாமி பூவு, குப்பையிலயும் போட முடியாது. எங்க வீட்டுச் செம்பருத்திச் செடி மூட்டுல போட்டேன்" என்றாள். அவனிடம் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அவிய உங்கள விட்டுட்டு வந்திருப்பாக. பொறவு உங்களுக்கு யாரு இருக்கா? எனக்குத் தகப்பன் கிடையாது அத்தை, எங்கம்மாவும் ஒத்தைதான்" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இதையும் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "உங்க மேல கோவம் இருந்துச்சு அத்தை. ஆனா அவிய மேலதான் கூடுதல். நீங்க ஒரு தடவை வந்து மாலையக் குடுத்தீக. அவிய ஒரு தடவைகூட வந்து ஏன்னு கேக்கலையே. வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னேன், அம்புட்டையும் விட்டுட்டுப் போயிட்டாக."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரிதானே? இந்த மாதிரி நாடகங்களில் பையன் ஏரோபிளேன் ஏறப்போகிறவளை ஊரெல்லாம் ஓடிப் பிடிக்கிறான். எங்களுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பாகத்தான் இருக்கும், காருக்குப் பெட்ரோல் போட மாட்டானா, எதற்கு இப்படி ஓடுகிறான் என்று கேலி பண்ணுவோம். ஆனால் நீ ஓடவே வேண்டாமே. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம், பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். நீ பஸ் ஸ்டாண்டுவரைக்கும்கூடப் போகவில்லை. உன் அப்பா ஒரு சொல்லுக்குக் கையை இழுத்துக்கொண்டார், நீயும் ஒரு சொல்லுக்கு இழுத்துக்கொண்டாய். அந்த வழக்கத்தை உன்னோடு முடித்துவிடு. நான் சிரித்துக்கொண்டு சொன்னாலும் சரி, அழுதுகொண்டு சொன்னாலும் சரி, உனக்கு நியாயம் என்று பட்டதிலிருந்து கையை எடுக்காதே. என்னிடம் சண்டை போடு. உப்பு கூடினால் தட்டைத் தள்ளு. எனக்கு அந்தப் பிள்ளைதான் வேண்டும்.

புறப்படும்போது, நான் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு முறையாக வந்து கேட்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். "நீங்க கேக்காதீக அத்தை. வீட்டுல எடம் பாத்துக்கிட்டுத்தான் இருக்காக, எனக்குத்தான் ஒண்ணும் பிடிக்கல. அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிராதீக. கேக்கணும்னா அவியளே தனியா வந்து கேக்கட்டும். நான் முடியாதுன்னு சொன்னாலும் சொல்லுவேன்" என்றாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. சொன்னால் நீ கேட்டுக்கொண்டு வா, ஆனால் இந்தத் தடவை கேட்டுவிட்டாவது வா. பெரியப்பாவிடம் உண்மையை நானே சொல்கிறேன். ஆலங்குளத்துப் பெண் வீட்டுக்கும் மரியாதையாகச் சொல்லி அனுப்பச் சொல்கிறேன், எந்தப் பெண்ணாக இருந்தாலும் சரி என்று சொல்கிறவனைக் கட்டிக்கொள்ள அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? வாசல் மிதிக்காதவர்கள் மிதிக்காமல் போகட்டும். எனக்கு இங்கே எட்டு மிஷின் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் தப்பில்லை, நான் தாங்கிக்கொள்வேன். பேச்சியம்மா சொன்ன நாசமாப் போவாளைத் தாங்கியவளுக்கு அது பெரிதில்லை. நாடகத்தில் கடைசிப் பகுதி மிச்சம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டால், இந்தக் கதை முடிகிறவரைக்கும் அதைப் போட மாட்டேன் என்று மும்தாஜ் பிடிவாதம் பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளவக்கல் மீன் வரும். சனிக்கிழமை நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிட்டு, எத்தனை பேருக்கு மீன் வாங்க வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்லு. உனக்கும் எனக்கும் மட்டும் என்றாலும் வாங்கிக் குழம்பு வைப்பேன். மூன்று பேர் என்றால், நான் பரிமாறிவிட்டு அடுப்படிக்குள் போய் ஒளிய மாட்டேன். உங்களுக்கு எதிரிலேயே உட்காருவேன். என் கண்ணுக்கு முன்னால் நீ அவளுக்கு முள் எடுத்து வை.